கழிவு: சிவப்பு மை

பதினேழு வருஷம் காசிமேட்டில்
குளிருக்குக் கணக்கெழுதினேன்.
ஒரு பார், அரை பார், உடைத்தது நாலு கூடை.
எனக்குக் குளிர் என்றால்
கோணிக்குள்ளிருந்து சொட்டிக்கொண்டே போவது.
ட்ரைசைக்கிள் சிக்னலைத் தாண்டுவதற்குள்
பத்தில் ஒரு பங்கு தார் ரோட்டுக்கு.
அதைக் 'கழிவு' என்று
சிவப்பு மையில் எழுதவேண்டும்.

எமர்சன் ஓட்டிவந்திருப்பது
ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய வேன்.
மஞ்சள் முழுசாய்ப் போகவில்லை.
சீட்டுகளைக் கழற்றி வியாசர்பாடியில் எடைக்குப் போட்டான்.
இப்போது ஒரு கட்டில், ஒரு அடுப்பு,
'அவசர வழி' என்று எழுதிய ஜன்னலில் கொசுவலை.
"தனுஷ்கோடி வரிக்கும் போலாம்,
அப்பால பாத்துக்கலாம்."
அப்பால என்பது எத்தனை ஆம்பியர்
என்று நான் கேட்டேன்.

முதல் பெட்டி, பீச் ஸ்டேஷன் எதிரே:
வெளியே இருப்பதில் இருபது டிகிரி குறைக்கும்,
மூவாயிரத்துச் சொச்சம் என்றார் கடைக்காரர்.
மே மாசத்து வேனுக்குள் நாற்பத்தைந்து.
மிச்சம் இருபத்தைந்து.
வஞ்சிரம் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது.

இரண்டாவது கேஸில் ஓடுவது.
சத்தமே கிடையாது, ஆனால்
வண்டி சமமாய் நிற்கவேண்டுமாம்.
எங்கள் தெருவில்
தண்ணீர்க் குடமே சமமாய் நிற்பதில்லை.

மூன்றாவது கம்ப்ரஸர். பன்னிரண்டு வோல்ட்.
எண்பது லிட்டர் வாங்கலாம் என்றான்.
"இன்னாத்த வெக்கப் போற?"
ரொம்ப நேரம் யோசித்தான்.
"பீரு. அப்பால... மோரு."

பழைய ரசீதுப் புத்தகத்தின் முதுகில் போட்டேன்:
ஓடும்போது நாலு ஆம்பியர்,
நம்மூர் வெக்கைக்குப் பாதி நாள் ஓடும், நாற்பத்தெட்டு.
விளக்கு, ஃபேன், இரண்டு போன், இருபத்திரண்டு.
ஆக எழுபது. மறுநாளும் மூடாக்கு என்றால்
நூற்றி நாற்பது.
பேட்டரி நூற்றைம்பது, லித்தியம்.
விலையை எழுதும்போது பேனா நின்றது,
மை தீர்ந்துதான் என்று அவனிடம் சொன்னேன்.
கூரையில் முந்நூறு வாட் தகடு,
அதற்குமேல் கூரை இல்லை.
பெட்டி நாற்பத்திரண்டு லிட்டர்.
அவன் மோரை விட்டுக்கொடுத்தான்.

லோடுமேன் நூக்கராஜு வந்து பார்த்து
தலையில் கைவைத்தான்:
"ஐஸுக்காக்கா இவ்ளோ துட்டு?"
நான் பதில் சொல்லவில்லை.
வெயில் ஏற ஏறத் தகடு மந்தமாகும்,
ஒயரில் கொஞ்சம் போகும், காக்கா எச்சம்
என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் வைத்துப் பார்த்தோம்.
உச்சிவெயில். என் கணக்குக்குப் பதினைந்து வரவேண்டும்,
மீட்டரில் ஒன்பது.
ஒயரை முறுக்கினேன், ஃபியூஸை முகர்ந்தேன்,
கடைக்காரரைத் திட்டினேன்.
கூரைமேல் ஏறின எமர்சன்
விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
சாம்பல்.

அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள்
எப்போதும்போல நின்றன.
அவற்றின் கரண்டில்தான் எங்கள் வீட்டு பிரிட்ஜ்
கல்யாணம் ஆனதிலிருந்து ஓடுகிறது,
ஐஸ் கம்பெனியும் ஓடுகிறது.
திட்டுவதற்கு வாயெடுத்தவள்
யாரைத் திட்டுவது என்று மூடிக்கொண்டேன்.

லுங்கி நுனியை நனைத்துத் துடைத்தான்.
பத்து. பன்னிரண்டு.
பதினாலே கால்.
"இன்னும் முக்காலு எங்க?" என்றேன்.
"நானா துன்னுட்டேன்?"

ராத்திரி பெட்டி முனகிக்கொண்டே இருந்தது,
பக்கத்தில் எவனோ ஜுரத்தில் படுத்திருப்பதுபோல.
நான் தூங்கவில்லை, மூன்று தடவை எழுந்து பார்த்தேன்:
நாலு டிகிரி. நாலு. மூன்றரை.

விடிந்ததும் கையைக் கீழே விட்டுத் தடவினேன்.
ஈரமில்லை.
ஒரு சொட்டுகூட ரோட்டுக்குப் போகவில்லை.
பழக்கம் விடாமல் சிவப்புப் பேனாவைத் திறந்து
கழிவுக்கு நேரே எழுதினேன்:
முக்கால் ஆம்பியர்.
லுங்கி, ஒன்று.